எலிஸ் வாத்தியார் சுமந்து வந்த பாட்டுகள்

எலிஸ் உம்ஃப்ரே வாத்தியாருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று கெலினோக் ஊரே பேசிய காலம் ஒன்று உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஹிர்னாண்ட் மாளிகையிலிருந்து ஊருக்கு வரும் ஆறு மைல் பாதையில் எதிரே யார் வந்தாலும் அவர் வாய் திறக்கமாட்டார். நலம் விசாரித்தால் பதில் கிடையாது. ஆடு தொலைந்துபோனவன் வந்து, வழியில் கண்ணில் பட்டதா என்று கேட்டாலும் பதில் கிடையாது. பார்வையைத் தரையில் குத்தி, உதடு மட்டும் அசைய, வலது காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டே இருப்பார்.

அந்தக் கால் ஒன்பது வயதில் போனது. அடுப்பெரிக்க வெட்டிய கரிமண் ஏற்றிய சறுக்குவண்டி மலைச்சரிவில் கவிழ்ந்து முழங்காலின் மேல் விழுந்தது. ஆடு மேய்க்க லாயக்கில்லை என்று ஆன பிள்ளையை அப்பா ஊரின் கிறிஸ்தவக் கோயில் குமாஸ்தாவிடம் விட்டார். எழுத்து வந்தது, எழுத்தோடு பாட்டும் வந்தது. இருபது வயதில் எலிஸ் கோயிலின் மேல்தட்டில் குளிர்காலப் பள்ளிக்கூடம் வைத்தார். பள்ளி இல்லாத மாதங்களில் ஊரில் எல்லோரையும் போலக் காலுறை பின்னினார். மனைவி ஷோனெட்டும் பின்னுவாள்; நடந்துகொண்டே, பேசிக்கொண்டே, சண்டை போட்டுக்கொண்டே பின்னுவாள். எழுதப் படிக்கத் தெரியாமல் வந்தவள், கல்யாணமான முதல் குளிர்காலத்தில் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள்.

எலிஸுக்கு உலகம் என்பது கடிதம்தான். இருபத்தாறாவது வயதில், ஒரு பழைய சொல்லுக்கு அர்த்தம் கேட்டு, க்ளுய்த் ஆற்றங்கரையில் இருந்த பென்ரி பாதிரியாருக்கு எழுதினார். பெரிய படிப்பாளி, முகமறியாத மனிதர். நாலு பக்கம் பதில் வந்தது. அந்தப் பதிலில் தப்பு ஒன்றைக் கண்டுபிடித்து எலிஸ் ஐந்து பக்கம் எழுதினார். அப்படித்தான் தொடங்கியது. பிறகு மோன் தீவில் மரச்செருப்பு செய்கிற இத்தெல் என்ற கவிஞர் சேர்ந்தார். லண்டனில் ஒரு வியாபாரியிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்த டுடுர் சேர்ந்தார். மாடு ஓட்டிக்கொண்டு லண்டன் போகிறவர்களின் சட்டைப்பையிலும், காலுறை விற்கப் பாலா சந்தைக்குப் போகிற பெண்களின் கூடையிலும் அவர்களுடைய கடிதங்கள் போய் வந்தன. ஒருவர் எழுதியதன் ஓரத்தில் அடுத்தவர் எழுதி மூன்றாமவருக்கு அனுப்புவார். யாப்புச் சண்டை, வாத நோய்ப் புலம்பல், முட்டைக்கோஸ் விதை, வசைப்பாட்டு எல்லாம் ஒரே தாளில் இருக்கும். நாலு பேரில் எந்த இருவரும் நேரில் சந்தித்ததில்லை.

ஒரு வசந்தத்தில் பென்ரி பாதிரியார் எழுதினார்: "ஹிர்னாண்ட் மாளிகையில் ஒரு கையெழுத்துப் புத்தகம் இருக்கிறது. முன்னூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டுகள். வேறெங்கும் பிரதி இருப்பதாகத் தெரியவில்லை. நாலு முறை கேட்டு எழுதினேன், பதில் இல்லை. நீர் பக்கத்தில் இருக்கிறீர். பிரதி எடுத்து அனுப்பினால் டுடுர் லண்டனில் அச்சுப் போடுவார்."

எலிஸ் மாளிகைக்குப் போனார். எஜமான் வாட்கின் நாற்காலியில் கால் நீட்டி, நாய் காதைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"படிக்கிற ஆளுங்கன்னாலே எனக்கு ஆகாது, வாத்தியாரே. ஒருத்தன் புத்தகத்த எடுத்துட்டுப் போனான், திரும்பி வரல. இன்னொருத்தன் இங்கேயே உக்காந்து எழுதறேன்னு சொல்லி, எங்க வம்சாவளிப் பட்டியல் மேல மைக்கூட்டக் கவுத்தான். எங்க பாட்டனாருக்கு மேல யாருமே இல்லாமப் போச்சு."

"நான் கவுக்கமாட்டேன், ஐயா."

"கவுக்க மாட்டீர், ஏன்னா மை உள்ள வராது. பேனா வராது, பென்சில் வராது, தாள் வராது. சனிக்கிழமை மத்தியானம் வந்து பார்த்துட்டுப் போம். வெறும் கண்ணால பாத்தா புத்தகம் ஒண்ணும் தேயாது."

அதை எஜமான் வேடிக்கையாகத்தான் சொன்னார். எலிஸ் குனிந்து நன்றி சொல்லி, "வர்ற சனிக்கிழமை வரேன், ஐயா" என்றார்.

அவருடைய கணக்கு இதுதான். நம் மலைநாட்டு மொழியின் பழைய பாட்டுகளில் வரியின் முன்பாதியில் என்னென்ன மெய்யெழுத்து வருகிறதோ, அதே வரிசையில் பின்பாதியிலும் வந்தாக வேண்டும். ஓர் எழுத்தை மறந்தால் மற்ற பாதி காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சட்டத்தில் பாட்டுக் கட்டப் பழகிய ஒரு மண்டையால், ஒரு மத்தியானத்தில் அறுபது வரியைத் தூக்கிவர முடியும் என்று அவர் நம்பினார்.

வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்க்கும் மார்ஸ்லி அம்மாள் எதிரே உட்கார்ந்து காவல் காத்தாள். எலிஸ் புத்தகத்தை மூன்று முறை படிப்பார், மூடுவார், முணுமுணுப்பார், திறந்து சரிபார்ப்பார். வெளிச்சம் குறையும்போது எழுந்து, அவளுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கிளம்புவார். வீட்டில் ஷோனெட் கதவைத் திறந்து வைத்து, தாளும் மையும் எடுத்துத் தயாராக இருப்பாள். அவர் எழுதினால் கை பின்தங்கி வரி கலைந்துவிடும். ஆகவே அவர் நெருப்புப் பக்கம் திரும்பி நின்று சொல்லச் சொல்ல, அவள் எழுதுவாள். கடைசி வரி முடிந்த பிறகுதான் அவர் தொப்பியைக் கழற்றி, "என்ன சாப்பாடு?" என்பார். மறுநாள் அவரே நல்ல பிரதிகள் எடுத்து மூவருக்கும் அனுப்புவார்.

ஊருக்கு இது எதுவும் தெரியாது. ஆலைக்காரன் கிட்டோதான் முதலில் பொறுமை இழந்தான். நாலு சனிக்கிழமை வாழ்த்துச் சொல்லி நாலுக்கும் பதில் வராததால், ஐந்தாவது சனிக்கிழமை பாலத்தின் நடுவே வந்து கையை விரித்து நின்றான்.

"என்ன வாத்தியாரே, மாளிகை மோர் குடிச்சா எங்க முகம் கண்ணுக்குத் தெரியாதோ? பேசினாத்தான் வழி விடுவேன். பேரையாவது சொல்லிட்டுப் போம்! எலிஸா நீர், இல்ல எஜமானா?"

எலிஸ் கையைக் காட்டினார், கும்பிட்டார், கண்ணாலேயே கெஞ்சினார். கிட்டோ அசையவில்லை. கடைசியில் எலிஸ் வெடித்தார்.

"வழிய விடுடா, மடையா! ஐம்பத்திரண்டு வரி போச்சு!"

போனது போனதுதான். எலிஸ் பாலத்தில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார். கிட்டோ தொப்பியைக் கையில் எடுத்துச் சுருட்டிக்கொண்டே நின்றான். எலிஸ் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு மறுபடி மாளிகைக்கே திரும்பினார். மார்ஸ்லி அம்மாள் விளக்கேற்றி அதே பக்கத்தைத் திறந்து வைத்தாள். அன்று முதல் பாதையில் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை.

பனி விழும் மாதங்களில் மலை மூடிவிடும். நீண்ட பாட்டுக்கு இரண்டு மூன்று சனிக்கிழமை பிடிக்கும். இரண்டரை வருஷத்தில் நாற்பது பாட்டு வந்து சேர்ந்தது. அப்போதுதான் பென்ரி பாதிரியாரிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது.

"நீர் நினைவில் கொண்டுவருகிறீர், உம் மனைவி காதால் கேட்டு எழுதுகிறாள், நடுவில் புத்தகம் எங்கே? இந்தப் பாட்டுகள் மிக நன்றாக இருக்கின்றன. நீரும் நன்றாகப் பாடுகிறவர். சொந்தச் சரக்கைப் பழையது என்று சொல்லி விற்கிறவர்கள் இப்போது நாட்டில் பெருகிவிட்டார்கள். உம்மை அவர்களில் ஒருவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அல்ல என்று சொல்லவும் என்னால் முடியவில்லை. டுடுருக்கும் இதையே எழுதியிருக்கிறேன்."

எலிஸ் அதை இரண்டு முறை படித்தார். காது மடல் சிவந்துவிட்டது. ஷோனெட் தாளைப் பிடுங்கிப் படித்தாள்.

"காதால கேட்டு எழுதறாளாம்! பின்ன மூக்காலயா எழுதுவாங்க? வாத்தியாரே, இந்த ஆளுக்கு இனிமே ஒரு எழுத்துப் போகக் கூடாது, சொல்லிட்டேன்."

"போகும்."

"புளுகன்னு சொன்னவருக்கா?"

"புத்தகத்துல என்ன இருக்குன்னு கேட்டவருக்கு. கேள்வி கேட்டாரு, நான் பாதிதான் பதில் சொல்லியிருக்கேன். மீதிய யார் சொல்றது?"

"நெஞ்சுல கொஞ்சமாவது ரோஷம் இருக்கா உங்களுக்கு?"

"இருக்கு. அதனாலதான் போறேன்."

பாதிரியாருக்கு அவர் எழுதிய பதில் இரண்டே வரி: "சனிக்கிழமை நாற்பத்தொன்றாவது பாட்டை எடுத்துவருகிறேன். எடுத்ததும் அனுப்புவேன்." பாதிரியார் அதற்குப் பதில் எழுதவில்லை. அதன்பிறகு ஒன்பது வருஷம் எழுதவில்லை. எலிஸ் மட்டும் ஒவ்வொரு பாட்டையும் தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்தார்.

புத்தகத்தில் ஈரம் அரித்த இடங்கள் இருந்தன. எலி கடித்த மூலையும் இருந்தது. அங்கே எல்லாம் எலிஸ் புள்ளி வைத்து இடம் விட்டார். அது செருப்புக்கார இத்தெலுக்குப் பொறுக்கவில்லை. "ஓட்டைச் செருப்பை யாராவது காலில் போடுவானா? இந்தா, தைத்து அனுப்புகிறேன்" என்று எழுதி, விடுபட்ட ஒரு வரிக்குத் தானே ஒரு வரி கட்டி அனுப்பினார். பாட்டின் முடிவு வரி அது. எலிஸ் அதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டார். அவ்வளவு அழகு. ஒலியும் பொருந்தியது, அர்த்தமும் பொருந்தியது. அதை வைத்துவிட்டால் பாட்டு முழுசாகிவிடும், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் பின்னல் ஊசியின் தாளத்துக்கு அந்த வரியையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"வைங்களேன்," என்றாள் ஷோனெட். "உங்களத்தான் ஏற்கெனவே புளுகன்னு சொல்லியாச்சே. சொன்னதுக்கு நல்ல வரியாவது மிஞ்சட்டும்."

"வச்சா அவர் சொன்னது நிஜமாயிடும்," என்றார் எலிஸ். இத்தெலுக்கு எழுதினார்: "உன் வரி உன் சொந்தப் பாட்டில் இருக்கட்டும். என் புள்ளிகளை விட்டுவிடு." இத்தெல் பதிலுக்குப் பதினெட்டு வரி வசை பாடினார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

அறுபத்தெட்டாவது பாட்டு முடிந்த இலையுதிர்காலத்தில் எஜமான் வாட்கின் இறந்தார். ஷ்ரூஸ்பரியில் வளர்ந்த மருமகப்பிள்ளை வந்து மாளிகையைச் சுற்றிப் பார்த்து, குதிரைகளை வைத்துக்கொண்டு புத்தகங்களை விற்றுவிடத் தீர்மானித்தான். ஒரு திங்கட்கிழமை காலை, பாடம் நடக்கும்போது, மாளிகை வேலைக்காரி ஒருத்தி மூச்சிரைக்கக் கோயில் படியேறி வந்தாள்.

"வாத்தியாரே, மார்ஸ்லி அம்மா சொல்லியனுப்பினாங்க. பெட்டி எல்லாம் ஆணி அடிக்கறாங்க. உங்க புத்தகத்துப் பெட்டிய மட்டும் கடைசியா அடிக்கச் சொல்லி வச்சிருக்காங்க. விளக்கு வைக்கற வரைக்கும்தான் நேரம்."

எலிஸ் பிள்ளைகளைப் பார்த்து, "போங்க, இன்னைக்கி விடுமுறை" என்றார். பதினாறு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. பிள்ளைகள் நம்பாமல் உட்கார்ந்தே இருந்தார்கள்.

ஐந்து பாட்டு பாக்கி. இருநூற்றுப் பதினாலு வரி. புத்தக அறையில் தச்சன் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். மார்ஸ்லி அம்மாள் புத்தகத்தோடு எலிஸைத் தன் சமையற்கட்டுக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, வெளியே முதுகைக் கொடுத்து நின்றாள். மருமகப்பிள்ளை வந்து கேட்டபோது, "உள்ளே வெண்ணெய் கடைஞ்சிட்டிருக்காங்க, கதவத் திறந்தா திரளாது" என்றாள். எலிஸ் ஒரு பாட்டை முடித்துக் கண்ணை மூடிச் சொல்வார். அடுத்ததைப் படித்து, பிறகு இரண்டையும் சேர்த்துச் சொல்வார். மூன்றாவதைப் படித்து மூன்றையும் சொல்வார். ஐந்தாவதை அடைந்தபோது முதலாவதில் ஒரு வரி நழுவியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். உடம்பு வேர்த்து, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. தச்சன் வந்து புத்தகத்தைக் கேட்டபோது அவர் தானே அதைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு கிட்டோ நின்றான். விடுமுறை கிடைத்த பிள்ளைகள் ஊரெல்லாம் செய்தியைப் பரப்பியிருந்தார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. முன்னால் நடந்தான். எதிரே வண்டி வந்தால் ஓடிப்போய் நிறுத்தினான், நாய் குரைத்தால் துரத்தினான், பாலத்தருகே சந்தையிலிருந்து திரும்பிய ஒரு கூட்டத்தைப் பார்த்ததும், "யாரும் வாயத் திறக்காதீங்க! வாத்தியார் வாய் நிறைய பாட்டு இருக்கு! தும்மல் வந்தாக்கூட அடக்குங்க!" என்று கத்தினான். எலிஸுக்குச் சிரிப்பு பீறிட்டது. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நடந்தார். வீட்டு வாசற்படியில் நின்றபடியே ஆரம்பித்தார். ஷோனெட்டின் பேனா நிற்காமல் ஓடியது. இருநூற்றுப் பதினாலு வரியும் வந்தன. இரண்டு இடத்தில் புள்ளிகளோடு.

முடிந்ததும் அவர் கேட்டது சாப்பாடு அல்ல, நாற்காலி. கிட்டோதான் எடுத்துப் போட்டான்.

எழுபத்துமூன்று பாட்டும் கையில் இருந்தன. ஆனால் நம்புவதற்கு ஆள் இல்லை. மூலம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. டுடுர் வருத்தத்தோடு எழுதினார்: "பாதிரியார் சரியென்று சொல்லாமல் இங்கே ஒருவரும் பணம் போடமாட்டார்கள்." எலிஸ் அதற்கும் பதில் எழுதி, முட்டைக்கோஸ் விதையும் சேர்த்து அனுப்பினார். பள்ளிக்கூடத்தை நடத்தினார். வருஷத்துக்கு இரண்டு முறை டுடுருக்கு ஒரே கேள்வியை எழுதினார்: "ஹிர்னாண்ட் புத்தகங்கள் எந்தக் கைக்குப் போயின? விசாரித்தீரா?" ஏழு வருஷத்தில் பதினாலு தடவை. டுடுர் ஒரு கட்டத்தில் எரிச்சலோடு, "லண்டன் உங்கள் கெலினோக் இல்லை, வாத்தியாரே, இங்கே புத்தகத்தை ஒளிக்க லட்சம் வீடு இருக்கிறது" என்று எழுதினார். அடுத்த கடிதத்திலும் எலிஸ் அதையே கேட்டார்.

பதினைந்தாவது கேள்விக்குப் பதில் வந்தது. பழம்பொருள் சேர்க்கும் ஒரு பணக்காரரின் வீட்டுப் பட்டியலில், 'அந்நிய பாஷைப் பாட்டுகள்' என்ற தலைப்பின் கீழ் புத்தகம் இருந்தது. டுடுர் கெஞ்சிக் கூத்தாடி மூன்று வாரத்துக்கு இரவல் வாங்கி, எலிஸ் அனுப்பியிருந்த கடிதங்களை எல்லாம் மேஜைமேல் பரப்பி, வரி வரியாக ஒப்பிட்டிருந்தார்.

"எழுபத்துமூன்று பாட்டும் இருக்கின்றன," என்று எழுதியிருந்தார். "எழுபத்துமூன்றிலும் சேர்த்துப் பத்தொன்பது சொல்தான் மாறியிருக்கிறது. நீங்கள் புள்ளி வைத்த இடம் ஒவ்வொன்றிலும் புத்தகம் அரித்திருக்கிறது. ஓர் இடம்கூடத் தப்பவில்லை. இத்தெல் கட்டிய வரியின் இடத்தை ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மூன்று சொல் மங்கலாகத் தெரிகிறது. இத்தெலுடையது கிட்டத்தில்கூட இல்லை. எல்லாவற்றையும் பாதிரியாருக்கு எழுதிவிட்டேன்."

எலிஸ் கடிதத்தை மடித்து, திறந்து, மறுபடி மடித்தார். பிறகு பத்தொன்பது சொல்லின் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஷோனெட் அன்றன்று எழுதிய முதல் தாள்களோடு வைத்துப் பார்த்தார். நேரம் ஆக ஆக அவர் முகம் மாறியது.

"என்ன?" என்றாள் ஷோனெட்.

"ஒண்ணுமில்ல."

"பத்தொம்பதும் நான் காதால கேட்டு எழுதின தப்புதானே? சொல்லுங்க, தாங்கிக்கறேன்."

"பன்னெண்டு இடத்துல நீ சரியாத்தான் எழுதியிருக்க. மறுநா பிரதி எடுக்கறப்ப நான்தான் திருத்தித் தப்பாக்கியிருக்கேன்."

ஷோனெட் ஊசியைக் கீழே வைத்தாள். பதினெட்டு வருஷத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் ஊசியை வைத்தது அபூர்வம்.

"பன்னெண்டா? சத்தமாச் சொல்லுங்க வாத்தியாரே, கிட்டோ வீடு வரைக்கும் கேக்கணும்."

"பன்னெண்டு!" என்று எலிஸ் கத்தினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த கண்ணில் தண்ணீர் வந்தது. அவருக்கும் வந்தது.

பாதிரியாரின் கடிதம் பத்து நாள் கழித்து வந்தது. நடுங்கும் கையெழுத்து, வயது எழுபத்தாறு ஆகியிருந்தது. "ஒன்பது வருஷம் உமக்கு நான் செய்தது அநியாயம். எப்படி ஈடு செய்வது என்று தெரியவில்லை. சொல்லும், செய்கிறேன்."

இத்தெல், "அந்த ஆளை மண்டியிட்டு நடந்து வரச் சொல்" என்று எழுதி, அதற்கொரு பாட்டும் அனுப்பியிருந்தார். எலிஸ் அதை ஷோனெட்டுக்குப் படித்துக் காட்டினார், இருவரும் ரசித்தார்கள். பிறகு தாளை எடுத்துப் பாதிரியாருக்கு எழுதினார்: "உம்மிடம் இரண்டு பழைய கையெழுத்துப் புத்தகங்கள் இருப்பதாக முதல் வருஷக் கடிதம் ஒன்றில் சொல்லியிருந்தீர். யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை என்றும் சொல்லியிருந்தீர். அவற்றை எனக்கு அனுப்பும். இந்த முறை பேனாவோடு உட்கார விரும்புகிறேன்."

மெழுகுத் துணியில் சுற்றி, வைக்கோல் அடைத்த பெட்டியில் இரண்டு புத்தகமும் வந்தன. அந்தக் குளிர்காலம் முழுக்க எலிஸ் பிரதி எடுத்தார். ஷோனெட் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் சரிபார்த்தாள். அவள் ஒத்துக்கொள்ளாமல் ஒரு தாளும் அடுக்கில் ஏறவில்லை. புத்தகங்களைத் திருப்பி அனுப்பும்போது, பாதிரியார் ஓரத்தில் எழுதியிருந்த குறிப்புகளில் மூன்று தப்பு என்று ஒரு சீட்டும் உள்ளே வைத்தார்கள். அதற்கு நாலு பக்கம் பதில் வந்தது. எலிஸ் ஐந்து பக்கம் எழுதினார்.

ஹிர்னாண்ட் பாட்டுகள் இரண்டு வருஷம் கழித்து லண்டனில் அச்சாயின, புள்ளிகளோடு. எலிஸ் அதன்பின் மேலும் ஒன்பது மாளிகைக் கதவுகளைத் தட்டினார், ஆறு திறந்தன. எழுபத்தோராம் வயதில், கிறிஸ்துமஸ் வரை பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, மார்ச் மாதம் நெஞ்சுச் சளியில் இறந்தார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் கிட்டோவும் ஒருவன். அவர் இறந்த சேதி எட்டாத ஊர்களிலிருந்து அதற்குப் பிறகும் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. பவிஸ் பக்கத்து இளம் வாத்தியார் ஒருவர் ஒரு பழைய சொல்லுக்கு அர்த்தம் கேட்டிருந்தார். ஷோனெட் பெட்டியைத் திறந்து, பழைய தாள்களைத் தேடி, இரண்டு நாள் கழித்து அவருக்கு ஆறு பக்கம் பதில் எழுதினாள்.